வல்லநாடு பாலத்தின் தளத்தைப் புதிதாக அமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
கன்டெய்னர் டிரெய்லர் உரிமையாளர்கள், சுங்க முகவர்கள், தூத்துக்குடி.

பெறுநர்:
உயர்திரு நெடுஞ்சாலைத் திட்ட இயக்குநர் அவர்கள்.

பொருள்: நெல்லை – தூத்துக்குடி நான்கு வழிச்சாலை – வல்லநாடு தாமிரபரணிப் பாலம் – தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மூன்று மனுக்கள். பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வல்லநாடு பாலம் தாங்கள் அறியாததல்ல. 2017-ல் தளத்தில் ஓட்டை விழுந்தது. அடைத்தார்கள், பிறகும் விழுந்தது. விழும்போதெல்லாம் அங்குள்ள இரட்டைப் பாலத்தில் ஒன்றை மூடி, போகிற வண்டியையும் வருகிற வண்டியையும் மற்றதில் விடுகிறார்கள்.

1. மற்ற பாலத்துக்கு மாற, 40 அடி டிரெய்லர் மீடியன் (சாலை நடுத்தடுப்பு) திறப்பில் திரும்பும்போது, அதை இழுக்கும் முன்வண்டி போன தடத்தில் பின் அச்சு வராது, உள்ளே வெட்டும். திறப்பு குறுகல். பின்சக்கரம் மீடியன் கல்லில் ஏறி டயரின் பக்கவாட்டு கிழிகிறது. பெட்டியைப் பிடித்திருக்கும் ட்விஸ்ட் லாக் இழுபடுகிறது. ஒரு வண்டி அங்கே நின்றால் இரு திசையும் அடைப்புதான்.

2. கொழும்பில் நிற்கும் பெரிய தாய்க்கப்பலுக்குப் பெட்டி கொண்டுபோகும் சிறிய ஃபீடர் கப்பலுக்குக் கட்-ஆஃப் நேரம் உண்டு. அதற்குள் துறைமுக கேட் தாண்டாத பெட்டி அடுத்த கப்பலுக்குத்தான் போகும். கொழும்பில் தாய்க்கப்பல் நமக்காக நிற்காது.

3. கொல்லத்து முந்திரி ஆலைகளுக்கு ஆப்பிரிக்கக் கொட்டை தூத்துக்குடியில் இறங்கி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியே மலையேறுகிறது. காலிப் பெட்டி திரும்பி வர ஒருநாள் பிந்தினாலும் கப்பல் லைன்காரர் டிடென்ஷன் (தாமதக் கட்டணம்) போடுகிறார். ஆலைக்காரர்களுக்குக் கொச்சித் துறைமுகமும் உண்டு. 2025 மே 2 அன்று விழிஞ்ஞம் துறைமுகமும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கொல்லத்துக்கும் நாகர்கோவிலுக்கும் அதுவே பக்கம். கடலின் ஆழத்தில் விழிஞ்ஞத்தோடு நாம் போட்டி போட முடியாது. நமக்கு இருப்பது சாலை ஒன்றுதான், அதையும் இந்தப் பாலம் கெடுக்கிறது. சரக்கு வேறு துறைமுகத்துக்குப் பழகிவிட்டால் கிடங்கும் ஏஜெண்டும் வண்டியும் அங்கேயே போய்விடும். பிறகு கூப்பிட்டால் வராது, ஐயா.

4. ஒட்டு வேலை ஏன் நிற்பதில்லை என்று முன்பே எழுதியிருக்கிறோம். ஓட்டையைச் சுற்றியுள்ள நைந்த கான்கிரீட்டை உடைத்தெடுக்காமல், துருப்பிடித்த கம்பியை மாற்றாமல் மேலே பூசினால் அடுத்த மழைக்கே தண்ணீர் உள்ளே இறங்கும். தளத் துண்டுகளுக்கு நடுவிலுள்ள எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் ரப்பர் கிழிந்த இடத்தில், 30 டன் பெட்டி ஏற்றிய வண்டியின் ஒவ்வொரு அச்சும் தள விளிம்பில் சம்மட்டிபோல் விழுகிறது. விளிம்பு உதிர்கிறது, அங்கிருந்து ஓட்டை தொடங்குகிறது. இது லாரி ஓட்டுகிறவர் எல்லோருக்கும் தெரியும். சுங்கம் கட்டித்தான் இந்தச் சாலையில் வருகிறோம். இன்னும் எத்தனை முறை பூசுவது?

5. பழுதான தளத்தைக் கண் கண்ணாக (தூணுக்குத் தூண் இடைவெளி ஒவ்வொன்றாக) வெட்டியெடுத்துப் புதிதாக வார்த்து, கான்கிரீட்டுக்கு 28 நாள் பலம் ஏறிய பிறகு பாரச்சோதனை செய்து திறந்துவிடுங்கள். ஜாயின்ட்டுகளை மாற்றுங்கள். அதுவரை மீடியன் திறப்பை அகலப்படுத்தி, இரவிலும் ஒரு மீட்பு கிரேன் நிறுத்துங்கள்.

முடிக்கும் தேதியை எழுத்தில் தாருங்கள். வல்லநாடு பாலத்தைச் சரிசெய்து தாருங்கள், ஐயா. நான்காம் முறையாகக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்