ஆணி தாங்காத குளம்புக்கு ஒட்டு லாடம் வேண்டும்: மாவட்டக் கால்நடை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் குதிரை ஜூலியின் விஷயம் உங்களுக்குத் தெரியும். மனு கொடுத்தாயிற்று, அந்த மனுவை நினைவூட்டி இன்னொரு மனுவும் கொடுத்தாயிற்று. குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று நேரிலும் சொல்லியாயிற்று. "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு தாள் வந்தது. குதிரை இன்னும் பகலில் பாதி நேரம் படுத்துத்தான் கிடக்கிறது. அதனால் இதை ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். மனதில் கோபம் இருக்கிறது. மரியாதைக்குக் குறைவான சொல் எதுவும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏதாவது ஒரு கால்நடை மருத்துவமனையில், ஆணி அடிக்காமல் பசையால் ஒட்டுகிற ஒட்டு லாடம் போடத் தேவையான சாமான்களோடு ஒரு பெட்டி இருக்க வேண்டும். அதைக் கையாளத் தெரிந்த ஒரு டாக்டரும் ஒரு லாடக்காரரும் இருக்க வேண்டும்.

ஜூலிக்கு வந்திருப்பது லேமினைட்டிஸ் என்ற குளம்பு நோய். திருவிழா ஊர்வலத்தில் போகிற வழியெல்லாம் ஆசை ஆசையாக அரிசியும் வெல்லமும் பொங்கலும் ஊட்டினார்கள். அப்புறம் வந்த வினை இது. மாவுச்சத்து ஒரேயடியாக வயிற்றில் சேர்ந்தால் குதிரைக்கு அது குளம்பில் வந்து நிற்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: குதிரையின் குளம்புச் சுவரும் உள்ளே இருக்கும் எலும்பும் நகமும் சதையும் போல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை. இந்த நோயில் அந்தப் பிடிப்பு வீங்கி விட்டுப்போகிறது. மேலே முந்நூறு நானூறு கிலோ எடை அழுத்துகிறது, பின்னாலிருந்து தசைநார் இழுக்கிறது, எலும்பின் நுனி கீழ்நோக்கிச் சாய்கிறது. முற்றிப்போனால் எலும்பு உள்ளங்குளம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்காலில் போட்டு நிற்கும் குதிரையைப் பார்த்தால் தயவுசெய்து "சோம்பேறிக் குதிரை" என்று தட்டி விரட்டாதீர்கள்.

ஒரு மருத்துவமனையில் ஜூலியின் வீடியோவைக் காட்டினோம். அங்கிருந்த டாக்டரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வாசலில் மாடும் ஆடும் நாயுமாக வரிசை நின்றது, அவர் ஒற்றை ஆள். வலிக்கு ஊசி எழுதிக் கொடுத்தார். "லாடம் மாற்றி அடித்துப் பாருங்கள். சரியாகவில்லையென்றால் ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்க வைத்துவிடலாம்" என்றார். ஆணி அடிக்காமல் ஒட்டுகிற லாடம் ஒன்று இருக்கிறதாமே என்று கேட்டேன். அப்படி எதுவும் இங்கே இல்லை என்று பதில் வந்தது.

சரி, அடித்துப் பார்ப்போம் என்று லாடக்காரப் பாட்டாவைக் கூட்டி வந்தேன். வண்டிமாட்டுக்கு லாடம் கட்டிப் பழகி, பிறகு குதிரைக்கு வந்தவர். எங்கள் பக்கத்தில் இந்த வேலை தெரிந்தவர்களில் மிஞ்சியிருப்பவர் அவர்தான். குளம்பைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "மக்ளே, இது ஆணி தாங்காது" என்றார். டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று நான்தான் வற்புறுத்தினேன்.

அதற்கு முதலில் காலைத் தூக்க வேண்டும். வலது காலைத் தூக்கினால் பாரம் முழுவதும் இடது காலில் இறங்கும். அந்தக் காலிலும் அதே நோய். தூக்கிய உடனேயே ஜூலி உடம்பை எங்கள்மேல் சாய்த்துவிட்டாள். இரண்டு பேர் தோள் கொடுத்துத் தாங்கினோம். சுவர் கொஞ்சம் தடிப்பாக இருந்த இடமாகப் பார்த்து பாட்டா ஆணியை வைத்தார். முதல் அடியில் கழுத்திலிருந்து வால் வரை நடுக்கம். பல்லை நறநறவென்று கடித்தாள். பிடரிமயிருக்குக் கீழே வியர்வை வழிந்தது. அடுத்த அடியில் முன்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். குளம்புச் சுவர் ஒரு துண்டு ஆணியோடு சேர்ந்து பாட்டாவின் கையில் இருந்தது. இங்கே தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. ஊறுவதும் காய்வதுமாகவே இருந்த குளம்பு அது, விளிம்பெல்லாம் உதிர்ந்து கிடந்தது. பாட்டா சுத்தியலைப் பைக்குள் போட்டார். "இனி இந்தப் பிள்ளைக்கு நான் அடிக்க மாட்டேன். வேற வழி கேளு" என்றார்.

அந்த வேறு வழியைத்தான் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒட்டு லாடம் மாயமந்திரம் இல்லை. அலுமினியம், பிளாஸ்டிக், ரப்பர், சில சமயம் வெறும் மரப்பலகை, இப்படிப் பல வகையில் உண்டு. பசையும் ஒரே வகை இல்லை. பாலியூரித்தேன் சீக்கிரம் இறுகிவிடும். அக்ரிலிக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் பிடி பலமானது. இரண்டு குழலில் தனித்தனியாக இருக்கும் பசை மருந்து, பசைத் துப்பாக்கியை அழுத்தும்போது முனையில் கலந்து வெளியே வரும். வந்த பிறகு யோசிக்க நேரம் கிடையாது. நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம் இறுகும். அடிக்கிற அதிர்ச்சியே இல்லாமல் லாடம் குளம்பில் உட்கார்ந்துவிடுகிறது என்பதுதான் பெரிய விஷயம். நோய் முன்பக்கச் சுவரில் என்றால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டிலும் பின்னாலும் மட்டும் பிடிப்புக் கொடுக்கலாம். குதிகால் பக்கம் உயரம் கூட்டி, உள்ளே மெத்தை வைத்து, பாரத்தை வலியில்லாத இடத்துக்கு மாற்றலாம்.

ஆனால் பயிற்சி இல்லாதவர் கையில் கொடுத்தால் இதுவே கெடுதலாகிவிடும். குளம்பு துளி ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். அரத்தால் சுரண்டிச் சுரசுரப்பாக்க வேண்டும், கம்பி பிரஷ் போட வேண்டும், சூடான காற்றுக் காட்ட வேண்டும், சுத்தம் செய்த இடத்தில் வெறும் விரல் படக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையே ஒட்டலைக் கெடுத்துவிடும். உள்ளே சீழ் இருக்கும்போது பசையை அப்பி மூடிவிட்டால் நோய் உள்ளேயே வேலை செய்யும். அதனால் முதலில் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், சீழ் இருந்தால் வடிய விட வேண்டும். பசையில் மயில்துத்தம் கலப்பது போன்ற கைப்பக்குவங்களும் உண்டு. நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி ஒட்ட வேண்டும். முன்பக்கச் சுவர் மேலிருந்து கீழ்வரை புதிதாக வளர்ந்து வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். இது குதிரைக்காரன் கொட்டகையில் தனியாகச் செய்கிற வேலை இல்லை. அதனால்தான் பெட்டியோடு ஆளும் கேட்கிறேன்.

தனியாகவும் முயன்றோம். வெளியூரிலிருந்து வரவழைத்த பசைக் குழல் பார்சல் வண்டிச் சூட்டில் கிடந்து வந்தது. முனையில் கட்டி தட்டிப்போயிருந்தது, கொடுத்த காசு போனது போனதுதான். ஹார்டுவேர் கடைப் பசையைப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். இறுகும்போது கொதிக்கிற சூடும், இறுகிய பின் வளையாத விறைப்பும் இந்தக் குளம்புக்கு ஆகாது. இப்போது ஜூலியின் காலில் இருப்பது குளச்சலில் வாங்கிய மீன்பெட்டித் தெர்மாகோல். பெட்டியின் அடிப்பலகையைக் குளம்பு அளவுக்கு வெட்டி, டேப் சுற்றிக் கட்டியிருக்கிறோம். கட்டிய அன்று தானாக எழுந்து தண்ணீர்த் தொட்டி வரை நடந்தாள். பாரத்துக்கு அது நசுங்கிப்போகும், மறுபடி வெட்டுவோம். மீன்பெட்டியே இவ்வளவு செய்யுமென்றால் முறையான லாடம் எவ்வளவு செய்யும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

"மாவட்டத்தில் குதிரை எத்தனை இருக்கிறது, அதற்கு ஒரு தனிப் பெட்டியா?" என்று ஒரு அதிகாரி கேட்டார். எண்ணிக்கை குறைவுதான். ஆனால் அந்தக் குறைந்த குதிரைகள்தான் கடற்கரையில் வெளியூர்க் குழந்தைகளைச் சுமக்கின்றன, மாப்பிள்ளை ஊர்வலத்தில் தார் ரோட்டில் நடக்கின்றன. விஜயதசமிக்குப் பகவதி அம்மன் குதிரை வாகனத்தில்தான் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போகிறாள். நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி திருவனந்தபுரம் போகும்போதும் வெள்ளிக்குதிரை கூடப் போகிறது. குதிரையை இவ்வளவு உயரத்தில் வைத்துக் கும்பிடுகிற மண்ணில் உயிருள்ள குதிரை கால் நோவோடு கிடந்தால் அதற்கு வைத்தியம் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

குதிரைக்கு மட்டும் வாங்கச் சொல்லவும் இல்லை. மாட்டுக்கு ஒரு குளம்பில் புண் வந்தால், பக்கத்தில் இருக்கும் நல்ல குளம்பில் மரக்கட்டையோ ரப்பர் கட்டையோ ஒட்டி, புண்பட்ட குளம்பு தரையில் படாமல் தூக்கி நிறுத்துகிறார்களே, அதற்கும் இதே வகைப் பசைதான். கறவை மாடு நொண்டினால் பால் குறைகிறது, குடும்பமே நொண்டுகிறது. ஒரே பெட்டி, இரண்டு வகை உயிருக்கும் உதவும். ரப்பர் விளைகிற மாவட்டத்தில் மெத்தைக்கு ரப்பர் கிடைக்காதா என்ன?

இன்னொன்றும் மனதில் கிடந்து உறுத்துகிறது. சில குதிரைக்காரர்கள் நொண்டும் குதிரைக்கு வலி ஊசி போட்டு, அன்று சாயங்காலமே கல்யாணத்துக்கு இறக்குகிறார்கள். வலி தெரியாத குதிரை நோயுள்ள காலை முழு பலத்தோடு ஊன்றுகிறது, உள்ளே மிச்சமிருக்கும் பிடிப்பும் அறுந்துபோகிறது. நோயும் காயமும் உள்ள பிராணியை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பிடியுங்கள், அபராதம் போடுங்கள், நானும் சாட்சி சொல்ல வருகிறேன். ஆனால் வேலை வாங்காதே என்று சொல்கிற அரசாங்கம், இங்கே கொண்டு வா, குணப்படுத்தலாம் என்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது வாசல் அடைத்தே கிடப்பதால்தான் முதல் தப்பு நடக்கிறது.

திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அங்கே கொண்டு போகலாமே என்பீர்கள். நாகர்கோவிலிலிருந்து எண்பது கிலோமீட்டர் அளவுக்குத் தூரம். நிற்கவே முடியாத குதிரை லாரியில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தக் காலையே ஊன்ற வேண்டும். ஜூலி தாங்க மாட்டாள். அவளைக் கொண்டுபோவதற்குப் பதிலாக இங்கிருந்து ஒரு டாக்டரையும் ஒரு இளைய லாடக்காரரையும் பயிற்சிக்கு அனுப்புங்கள். குளம்பு வெட்டும் முறை, எக்ஸ்ரே பார்த்து அளவெடுப்பது, ஒட்டுவது எல்லாம் கற்று வரட்டும். தங்கள் அனுபவத்தைச் சொல்லிக்கொடுக்க பாட்டா போன்றவர்களும் தயாராக இருக்கிறார்கள். கூப்பிடத்தான் ஆள் இல்லை.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: ஒரு பெட்டி, பயிற்சி பெற்ற இரண்டு பேர். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் குளம்பைக் காய வைப்பதே பெரும் பாடு, ஒட்டல் நிற்காது. அதற்கு முன் ஏற்பாடு செய்யுங்கள். அதுவரைக்கும், எடுத்துச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவி துறையில் எங்கே இருந்தாலும் அதோடு ஒருவரை எங்கள் கொட்டகைக்கு அனுப்பி வையுங்கள். என் முகவரியும் தொலைபேசி எண்ணும் மனுவில் இருக்கின்றன. முந்தின நாள் ஒரு போன் செய்தால் போதும், குளம்பைக் கழுவிக் காய வைத்து, பாட்டாவையும் வரச்சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்டத்தில் குதிரை வளர்க்கும் ஒருவன்