பெண் போலீஸ்னா அடிதடி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல உள்ளூர் தமிழ்த் தொடர்களைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா நடுவுல ஒரு இடத்துல, பெண் போலீசை வெச்சு தொடர் எடுத்தா நம்ம வீட்டுப் பொம்பளைங்க பாக்க மாட்டாங்க, அவங்களுக்கு குடும்பக் கதைதான் வேணும்னு போட்டிருந்தீங்க பாருங்க, அதை என்னால ஒத்துக்கவே முடியல. யாரைக் கேட்டு இந்த முடிவுக்கு வந்தாங்கன்னு தெரியல. நான் பினாங்கு ஜெலுத்தோங்ல இருக்கேன், எங்க ஃபிளாட்ல சமையல் முடிச்சு பாத்திரம் கழுவி வெச்சுட்டு ஃபோனை எடுத்துக்கிட்டு உக்கார்ற அக்காங்க எல்லாம் கொரியாக்காரன் எடுத்த கொலைக் கதைய சப்டைட்டில் போட்டு விடிய விடிய பாக்குறாங்க. மறுநாள் லிஃப்ட்ல நிக்கிறப்ப கொலைகாரன் யாருன்னுதான் பேச்சே. அப்ப பாக்க ஆள் இல்லைன்னு சொல்றது தப்பு, நம்ம மொழியில நல்லதா ஒண்ணு இல்லைங்கிறதுதான் உண்மை.

நான் எதை மனசுல வெச்சுக்கிட்டு பேசுறேன்னு சொல்லிடுறேன். பிரிட்டன்ல 1991 ஏப்ரல்ல ஐடிவி சேனல்ல ரெண்டு ராத்திரி ஒளிபரப்பான 'பிரைம் சஸ்பெக்ட்'ங்கற போலீஸ் தொடர். எழுதினவங்க லிண்டா லா பிளாண்ட், நடிச்சவங்க ஹெலன் மிர்ரன். பழசுதான், ஆனா இப்ப காலேஜ் படிக்கிற என் மக கூட உக்காந்து பாத்தேன், அவ எந்திரிச்சு தண்ணி குடிக்கக்கூட போகல.

கதை என்னன்னா, ஜேன் டென்னிசன்னு ஒரு பெண் அதிகாரி, பதவி இருக்கு, அனுபவம் இருக்கு, ஆனா கொலைக் கேஸ் ஒண்ணு கூட கையில குடுக்க மாட்டேங்கறாங்க. ஒரு கேஸை நடத்திக்கிட்டிருந்த ஆம்பள அதிகாரி திடீர்னு மாரடைப்புல போயிடறாரு. அந்தம்மா நேரா மேலதிகாரிகிட்ட போய் எனக்குக் குடுங்கன்னு கேக்குறாங்க. செத்தவரோட உடம்பு சூடு ஆறலை, அதுக்குள்ள இந்தம்மாவுக்கு என்ன அவசரம்னு மொத்த டீமும் பல்லைக் கடிக்குது. ஓட்லின்னு ஒரு சார்ஜன், செத்தவரோட நெருங்கின கூட்டாளி, அவர் மூஞ்சியில எப்பவும் ஒரு முறைப்பு.

இப்ப நம்ம ஊர்ப் படமா இருந்தா இந்த இடத்துல அந்தம்மா என்ன செய்வாங்க? ஜீப்புல இருந்து ஸ்லோமோஷன்ல இறங்கி நாலு பேரை ஓங்கி அறைவாங்க. விஜயசாந்தி காலத்துல இருந்து நம்ம பாத்தது அதுதான், நானும் சின்ன வயசுல விசிலடிச்சு பாத்தவதான், அதை நான் மட்டமா சொல்லல. ஆனா டென்னிசன் யாரையும் அடிக்கல. ஃபைலைத் திறந்து படிக்கிறாங்க. ஒவ்வொரு தாளா. படிக்கப் படிக்க கணக்கு ஒத்து வரல, செத்துக் கிடந்தது இன்ன பொண்ணுன்னு டீம் ஆளுங்க எழுதி வெச்சிருந்தாங்களே, அது அந்தப் பொண்ணே இல்லைன்னு கண்டுபிடிக்கிறாங்க. அத்தனை ஆம்பளைங்க சேர்ந்து பேரையே தப்பா எழுதியிருக்காங்க! அந்த நிமிஷம் அந்த ரூம்ல விழுற அமைதிதான் சார் மாஸ் சீன். ஒரு குத்து இல்ல, ஒரு பஞ்ச் டயலாக் இல்ல, வேலை தெரிஞ்சவ யாருன்னு எல்லாருக்கும் புரிஞ்சிடுது.

இதுதான் நான் சொல்ல வந்தது. பெண் போலீஸ் கதைன்னா அந்தப் பொண்ணு வேலை செய்யறதைக் காட்டணும். சண்டை போடுறதையோ அழறதையோ காட்டுறது ரெண்டாவதுதான்.

டென்னிசனை சாமியாவும் ஆக்கல பாருங்க. வீட்டுல கூட இருந்த ஆளு, அவரோட தொழில் ஆளுங்க சாப்பிட வர்ற நாள்லயும் இவங்களுக்கு கேஸ்தான் முக்கியம்னு ஆயிடவும் விட்டுட்டுப் போயிடுறாரு. அப்புறம் வந்த பாகங்கள்ல வருஷம் போகப் போக பதவி ஏறுது, குடியும் ஏறுது. 2006ல வந்த கடைசி பாகத்துல தனக்காக ஏற்பாடு பண்ணின பிரிவு உபசார பார்ட்டியில கூட கலந்துக்காம போயிடுறாங்க. நம்ம தொடர்ல பொம்பளைன்னா ஒண்ணு உத்தமி, இல்லைன்னா பாயாசத்துல விஷம் வெக்கிற வில்லி. நடுவுல வாழற நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு இடமே இல்ல, எனக்கு ரொம்ப நாளா இருக்கற வருத்தம் இது.

டென்னிசன் சும்மா கற்பனையில முளைச்சவங்களும் கிடையாது. ஜேக்கி மால்டன்னு லண்டன்ல நிஜமாவே ஒரு பெண் அதிகாரி இருந்தாங்க, அப்ப அந்தப் பதவியில இருந்த பொம்பளைங்களை விரல் விட்டு எண்ணிடலாம். லா பிளாண்ட் அவங்களைத் தேடிப் போய், ஸ்டேஷன்ல ஆளுங்க எப்படி நடந்துக்கறாங்க, என்ன பேசறாங்கன்னு கேட்டு எழுதினதாலதான் ஒரு சீன் கூட பொய்யா தெரியல. நம்ம எழுத்தாளர்கள் யாராவது ஒரு பாலாய்க்கு, அதான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு மணி நேரம் உக்காந்து பாத்திருப்பாங்களா? கோவமா கேக்கல, நிஜமாவே கேக்குறேன்.

நான் உக்காந்திருக்கேன். என் ஐசி, அதான் அடையாள அட்டை, தொலைஞ்சு ரிப்போட் எழுதப் போனப்ப, எனக்கு முன்னாடி ஒரு தமிழ்ப் பொண்ணு, இடது கண்ணு வீங்கி மூடியிருக்கு, கூட அவங்க அம்மா. கவுண்டர்ல மலாய்க்கார பெண் கார்ப்பரல். பொண்ணோட அம்மாவுக்கு மலாய் சரியா வரல, நான்தான் இடையில நின்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அம்மா என்னமோ பொண்ணு படியில வழுக்கி விழுந்துட்டான்னு ஆரம்பிச்சாங்க. கார்ப்பரல் தலைய ஆட்டிக்கிட்டே டைப் பண்ணுறதை நிறுத்திட்டாங்க. எழுந்து வந்து, மக்சிக் (அத்தைன்னு மரியாதையா கூப்பிடறது) நீங்க இங்கயே உக்காருங்கன்னு அம்மாவை மின்விசிறிக்குக் கீழ உக்கார வெச்சு, பொண்ணை மட்டும் உள்ள ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் கதவைச் சாத்தினாங்க. என்னைக்கூட உள்ள விடல, தமிழ் பேசுற இன்னொரு பெண் போலீசை ஃபோன் போட்டு வரவழைச்சாங்க. ரொம்ப நேரம் கழிச்சு கதவு திறந்தப்ப அந்தப் பொண்ணு கையில ஒரு மைலோ பாக்கெட். படியைப் பத்தின பேச்சே இல்ல. அம்மா பக்கத்துல இருந்தா உண்மை வெளிய வராதுன்னு அந்த கார்ப்பரலுக்கு ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிருக்கு பாருங்க, அதுதான் துப்பறியறது. இதை எந்த டிவியிலயும் நான் பாத்ததில்ல.

நம்ம மலேசியா போலீஸ்ல 1955லயே பொம்பளைங்க சேர்ந்துட்டாங்க. போலீஸ் தலைமையகமான புக்கிட் அமான்ல டி11ன்னு பெண்கள், பிள்ளைங்க சம்பந்தப்பட்ட பாலியல் குற்றங்களை விசாரிக்கறதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. குடும்ப வன்முறைச் சட்டம் 1994ல போட்டு 1996ல அமலுக்கு வந்துச்சு. அந்தச் சட்டத்துக்குள்ளயே எவ்வளவு கதை கிடக்குது தெரியுமா? விசாரணை நடக்கறப்ப பாதிக்கப்பட்டவங்களுக்கு இடைக்காலப் பாதுகாப்பு ஆணை வாங்கலாம், ஆனா அந்த ஆணையை அடிச்சவன் கையில கொண்டு போய் சேர்க்கணும், அவன் வீடு மாறி ஓடிக்கிட்டே இருந்தா? அப்புறம் விசாரணை முடிஞ்சா அந்த ஆணையும் முடிஞ்சிடும். இப்ப ஒரு பெண் ஐ.ஓ.வை, அதான் விசாரணை அதிகாரியை நினைச்சுப் பாருங்க, மேல இருந்து ஃபைலை சீக்கிரம் மூடுன்னு நெருக்குறாங்க, மூடினா அந்தப் பொண்ணுக்கு இருக்கற பாதுகாப்பு போயிடும், மூடலைன்னா இவங்களுக்கு கெட்ட பேரு, அரசு வக்கீல் டிபிபி வேற இன்னும் சாட்சி வேணும்னு பேப்பரைத் திருப்பி அனுப்புறாரு. இதுக்கு மேல என்ன சஸ்பென்ஸ் வேணும் சார்? குடும்பக் கதைதானே கேட்டீங்க, இதுவும் குடும்பம்தானே?

பட்ஜெட் இல்லைன்னு சொல்லுவாங்க, எப்பவும் சொல்றதுதான். அந்த முதல் 'பிரைம் சஸ்பெக்ட்'டைத் திருப்பிப் பாருங்க, பாதிக்கு மேல ஒரு ஆபிஸ், ஒரு நடை, ஒரு விசாரணை ரூம், மேசைக்கு ரெண்டு பக்கமும் ஆளுங்க, பேச்சு. ஹெலிகாப்டர் கேக்கல. காசு போக வேண்டியது எழுத்துக்கும் நடிப்புக்கும்தான். லொக்கேஷனுக்கு பினாங்கை விட்டா வேற ஊர் வேணுமா, ஆயர் ஈத்தாம் மார்க்கெட் இருக்கு, ஃபெரி இருக்கு, லிட்டில் இந்தியா சந்து இருக்கு, பிறையில ஃபேக்டரி ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி பஸ்ஸுல இறங்கி தனியா நடக்கற பொண்ணுங்க இருக்காங்க. இன்னொண்ணு, தயவு செஞ்சு எல்லாரையும் செந்தமிழ் பேச வெக்காதீங்க. நம்ம ஊர் இன்ஸ்பெக்டரம்மா ஆபிஸ்ல மலாய் பேசுவாங்க, சீனன் கடையில கொஞ்சம் ஹொக்கியன்ங்கற சீன மொழி பேசுவாங்க, வீட்டுல அம்மாகிட்ட தமிழ்ல கத்துவாங்க, அப்படியே எடுங்க, சனங்களுக்குப் புரியும்.

வாய்ப்பு குடுத்தா நடிக்க நம்மகிட்ட ஆளும் இருக்காங்க. நாப்பது வயசைத் தாண்டினா மாமியார் வேஷம்தான்னு ஒதுக்கி வெச்சிருக்கற நடிகைங்களைக் கூப்பிடுங்க. ஹெலன் மிர்ரன் டென்னிசனா வந்தப்ப அவங்களுக்கும் வயசு நாப்பத்தஞ்சுதான்.

உங்க பத்திரிகையால ஒண்ணு செய்ய முடியும். வேலையில இருந்து ஓய்வு வாங்கின தமிழ் பெண் போலீஸ்காரங்க பினாங்குலயும் கோலாலம்பூர்லயும் இருக்காங்க, எங்க கோயில் அன்னதானத்துல பரிமாறிக்கிட்டு நிக்கிற ஒருத்தங்க பழைய கேசைப் பத்தி பேச ஆரம்பிச்சா கூட்டமே சாப்பாட்டை மறந்துட்டு நிக்கும். அவங்களை மாதிரி ஆளுங்களை வாரம் ஒருத்தரா பேட்டி எடுத்துப் போடுங்க, சம்பந்தப்பட்டவங்க பேரை எல்லாம் மறைச்சே போடுங்க. தொடர் எழுதறவங்க அதைப் படிக்கட்டும். பேட்டிக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கணும்னா என்னையே கேளுங்க, அந்த அக்காகிட்ட நான் பேசுறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு