ரெட்டேரிக் கரையிலிருந்து செல்விக்கு

கொளத்தூர், சென்னை,
தை மாதம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. அண்ணனுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய நிம்மதி. மாடிப்படி ஏற அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. காலையில் ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறாள். அவளை அனுப்பிவிட்டு நான் ஏரிக்கரைக்குப் போய்விடுகிறேன்.

ஏரி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நன்றாக நிறைந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அம்பத்தூர் ஏரி நிரம்பி, கொரட்டூர் ஏரிக்கு வந்து, அங்கிருந்து ரெட்டேரிக்கு இறங்குகிற பழைய வழி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. தண்ணீரோடு சாக்கடையும் சேர்ந்து வருகிறது என்பதுதான் வேதனை. 2019 கோடையில் சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் புழல் ஏரியே வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் குடிதண்ணீர் வந்ததை நினைத்தால், நிறைந்த ஏரி ஒவ்வொன்றையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இப்போது பறவைகளின் காலம். நூறடிச் சாலையில் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. இந்தப் பக்கம் கூழைக்கடா பாட்டுக்கு அலகால் தண்ணீரை வாரிக்கொண்டு மிதக்கிறது. பாம்புத்தாரா உடம்பை முழுக்க முக்கிக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துகிறது. அதன் இறகு தண்ணீரில் ஊறிவிடும், அதனால் கரையேறியதும் சிறகை விரித்து வெயிலில் காயப்போடும். வடக்கே சைபீரியா பக்கமிருந்து வரும் நீலச்சிறகி வாத்துகளும் வந்திருக்கின்றன. பங்குனி, சித்திரையில் திரும்பிப் போய்விடும்.

ஆனால் என் மனசைப் பிடித்துக்கொண்டது இலைக்கோழிதான். நீளவால் இலைக்கோழி. இப்போது பார்த்தால் வால் உதிர்ந்து சாதாரணமாக இருக்கும். ஆடி, ஆவணியில் நீ பார்த்திருக்க வேண்டும்! அரிவாள் போல வளைந்த கறுப்பு வாலும், பின்கழுத்தில் பொன் மஞ்சளுமாக, நீளநீளமான விரல்களை இலைமேல் பரப்பி நடந்துபோகும். பெண் பறவை முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பாவின் வேலை. மிதக்கிற இலைமேல் நான்கு முட்டை, பளபளவென்று வெண்கல நிறத்தில். இலை அமிழ்ந்தால் முட்டையை அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வேறு இடத்துக்கு நகர்த்தும். இத்தனை பாடுபடும் பறவை கூடு கட்டுவது அநேகமாக ஆடியிலிருந்து புரட்டாசி வரை.

நம்மூரில் மழைக்கு முன்னால் ஏரியைச் சுத்தம் செய்வதும் அதே மாதங்களில்தான். இயந்திரத்தை இறக்கி ஆகாயத்தாமரையை வாரும்போது கூடும் முட்டையும் சேர்ந்து போய்விடும். ஆகாயத்தாமரை எடுக்கப்பட வேண்டியதுதான். தண்ணீரை மூடி, காற்றும் வெளிச்சமும் உள்ளே போகாமல் அடித்துவிடுகிறது. ஆனால் அந்த வேலையை மாசி, பங்குனியில் செய்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொன்றும் மனசை உறுத்துகிறது. கரையை அகலமாக்கி, ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டு, படகு விட வேண்டும் என்று எங்கள் தெருவில் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். நடைபாதை கேட்பது தப்பில்லை, நானே தினம் நடக்கிறவள். ஆனால் நம் ஊர் ஏரி சாய்த்து வைத்த தாம்பாளம் மாதிரி. பள்ளத்துப் பக்கம் மட்டும்தான் கரை கட்டினார்கள். மேட்டுப்பக்கத்தைத் திறந்தே விட்டார்கள். மழைத் தண்ணீர் வழிந்து உள்ளே வருவது அந்தப் பக்கத்தில்தான். நடைபாதைக்காகச் சுற்றிலும் கரை எழுப்பினால் அந்த வழி அடைபடும், சரிவான ஓரமும் போய்விடும். ஏரியின் உயிரெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது, செல்வி. நடு ஆழத்தில் நீர்க்காகமும் கூழைக்கடாவும் பிழைத்துக்கொள்ளும். மடையானுக்கும் உள்ளானுக்கும் கணுக்கால் தண்ணீர் வேண்டும். நத்தை குத்தி நாரை முழங்கால் சேற்றில் நின்றால்தான் நத்தை தேட முடியும். நீலத் தாழைக்கோழிக்குச் சம்புப் புல்லின் தண்டுதான் சாப்பாடு, அதுவேதான் ஒளிவதற்கும் இடம். முக்குளிப்பான் கூட்டைவிட்டுப் போகும்போது முட்டைமேல் பாசியை இழுத்து மூடிவிட்டுப் போகுமே, அந்தப் பாசியும் ஓரத்தில்தான். சம்பு நிற்கும் இடத்தைப் பார்த்து, "குப்பையா கிடக்கு, எப்ப எடுப்பாங்க?" என்று போன வாரம் ஒருவர் என்னிடம் கேட்டார். தாழைக்கோழி குஞ்சுகளோடு வெளியே வரும்வரை அவரைக் கூடவே நிற்க வைத்துக் காட்டினேன். மறுநாள் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஒரு காலத்தில் இந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது. இப்போது வயல் இருந்த இடமெல்லாம் நகர், அவென்யூ, அடுக்குமாடி. தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் பெருமழை நாளில் தெருவுக்குள் வந்துவிடுகிறது. 2015 டிசம்பரை மறக்க முடியுமா?

அப்புறம், உன் அக்கா மகன் வண்ண மீன் கடை வைத்திருக்கிறானே, அவனிடம் ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல். தொட்டியின் பாசியைத் தின்னும் என்று சின்னதாக விற்கிறார்களே, டேங்க் கிளீனர் மீன், அதை ஏரியில் விடக் கூடாது என்று வாங்குகிறவர்களிடம் எடுத்துச் சொல்லட்டும். ஒரு சாணுக்குமேல் வளர்ந்து தொட்டி போதாமல் போனதும், பாவம் பார்த்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். சென்னை ஏரிகளில் அது பெருகிக்கொண்டே போகிறது. உடம்பெல்லாம் ஓடு மாதிரி கெட்டி, துடுப்பில் முள். வலை கிழிகிறது, விற்கவும் முடியாது. கரை மண்ணைக் குடைந்து முட்டையிடும். வலை போடுகிற அம்மா ஒருத்தர் விரால், கெளுத்தி குறைந்துகொண்டே வருகிறது என்று என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். வண்ண மீன் தொழிலுக்குப் பேர்போன கொளத்தூரில் ஒவ்வொரு கடையிலும் இதை எழுதி ஒட்ட வேண்டும் என்பது என் ஆசை.

உன்னிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. சேலத்தில் மூக்கனேரியைச் சீர்செய்தபோது, தோண்டின மண்ணை ஏரிக்குள்ளேயே தீவுகளாகக் குவித்து மரம் நட்டார்களே, அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நீ. எந்த மரம் நிலைத்தது? தீவு கரையிலிருந்து எவ்வளவு தூரம்? நாய் போகாத அளவுக்குத் தண்ணீர் சுற்றி நிற்கிறதா? ஓரத்தைச் சரிவாக விட்டார்களா, கல் வைத்துக் கட்டினார்களா? கன்னங்குறிச்சிப் பக்கம் தெரிந்தவர்களிடம் விசாரித்து எழுது. மாசியில் எங்கள் குடியிருப்போர் கூட்டம் இருக்கிறது. படகுப் பேச்சு வரும்போது சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன். உன் கடிதம் அதற்கு முன்னால் வந்துவிட்டால், அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசுவேன். முடிந்தால் அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்துத் தீவின் படம் ஒன்று வரையச் சொல், அவர் கை நன்றாக வரையும்.

அன்புடன்,
வசந்தா