டாக்டர் ஐயாவுக்கும் அம்மாவுக்குத் துணை நின்ற எல்லோருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் அம்மா காலமானார். அன்றைய வேலைக்குப் பேர் பதியாமல் வந்து பந்தல் போட்டவர்கள், கருமாதி வரைக்கும் கூடவே இருந்தவர்கள், வர முடியாமல் போனில் விசாரித்தவர்கள் எல்லோருக்கும் முதலில் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இன்னும் சிலருக்காக. 1976இல் அம்மாவுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அன்று அவருடைய இதய நோய்க்குச் சிலர் கை கொடுத்ததால்தான் அவர் பேரன் பேத்தி கண்டு, தன் வீட்டுக் கட்டிலில் கண்மூடினார். அந்தச் சிலரில் பலர் இன்று இல்லை. அவர்களுடைய பிள்ளைகளாவது இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் டாக்டர் ஐயா. பெயர் போட வேண்டாம் என்று அவருடைய மகள் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் டீ.எம்.ஓ.வாக, அதாவது மாவட்ட வைத்திய அதிகாரியாக இருந்தவர் என்றாலே எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்குப் புரிந்துவிடும்.

அம்மாவுக்குப் பல வருஷமாக மூச்சு வாங்கல். மேட்டு நிரையில் தேயிலைக் கொழுந்து எடுக்க ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். இரவில் நீட்டிப் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்தபடிதான் தூக்கம். தம்பி வயிற்றில் இருந்தபோது அது இன்னும் மோசமாகி, இருமினால் சளியோடு இரத்தம் வர ஆரம்பித்தது. போன இடத்தில் எல்லாம் இழுப்பு, அதாவது ஆஸ்துமா என்றார்கள். வீட்டிலிருந்து போத்தல் கொண்டுபோனால் அதே மருந்துத் தண்ணியை ஊற்றிக் கொடுத்தார்கள். ஓர் இடத்தில், வேலைக்குப் போகப் பிடிக்காமல் சாக்குச் சொல்கிறாள் என்று முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். எந்த இடம் என்பது இப்போது வேண்டாம். கன்னம் இரண்டும் எப்போதும் கருஞ்சிவப்பாக இருக்கும். குளிர் மலையில் வேலை செய்தால் அப்படித்தான் என்பார்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில். டாக்டர் ஐயாவுக்கு முதல் சந்தேகம் வந்ததே அந்தக் கன்னத்தைப் பார்த்துத்தான்.

அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். முதலில் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். அப்புறம் வராந்தாப் படியில் ஏறி இறங்கச் சொன்னார். அம்மாவுக்கு இரைக்கத் தொடங்கியதும் மேசையில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, குழாயின் குழிந்த பக்கத்தை இடது மார்புக்குக் கீழே பட்டும் படாமலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே ஒரு பிள்ளை அழுதது. கையைக் காட்டினார், அட்டெண்டன் போய்க் கதவைச் சாத்தினார். வெகுநேரம் கேட்டார். அந்த நோயின் சத்தம் அவ்வளவு தாழ்வானது, அவசரக்காரர் காதில் விழாது. எங்கள் பக்கம் எக்கோ என்ற இதய ஸ்கேன் இல்லாத காலம் அது. அந்த ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி.கூடக் கிடையாது. இரண்டு காதை வைத்துக்கொண்டு, இழுப்பு இல்லை, இதய வால்வு சுருங்கியிருக்கிறது என்று சொன்னார்.

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வு, நல்ல உடம்பில் 4 முதல் 6 சதுர சென்டிமீற்றர் வரை திறக்கும். சின்ன வயதில் தொண்டையில் வரும் ஒரு கிருமிக்கு மருந்தெடுக்காமல் விட்டால் சிலருக்கு வாதக் காய்ச்சல் வந்து, போகப்போக அந்த வால்வின் இதழ்கள் தடித்து ஒட்டிப்போகும். இரத்தம் முன்னே போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்கும். நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில்தான் இந்தக் கிருமி நன்றாகப் பரவும். அம்மா பிறந்து வளர்ந்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில், ஒற்றை அறையில், வீடு நிறைந்த ஆட்களோடு. தோட்டத்து ஆட்களின் மருத்துவத்துக்கென்று 1912இலேயே சட்டம் போட்டார்கள். காம்பிராவைப் பெரிதாக்க யாரும் அவசரப்படவில்லை. அம்மாவின் நோய் லயம் கொடுத்த நோய் என்றுதான் நான் இன்றும் சொல்வேன்.

சரி, ஐயாவிடம் திரும்பி வருகிறேன். ஐயா கண்டி பெரியாஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இங்கிலீசில், நீல மையில், இரண்டு பக்கம். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு எழுத்துத் தெரியாது. கண்டியில் அதைப் பார்த்துவிட்டு, பதிலையும் சேர்த்து அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆசிரியர் கலாசாலையில் படிக்கும் காலத்தில்தான் அகராதியும் கையுமாக உட்கார்ந்து அதை நான் வாசித்தேன்.

பாதிப் பக்கம் நோயைப் பற்றி. இழுப்பு என்று முன்னே எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டாம், இடது பக்கம் படுக்க வைத்துக் கேட்டுப் பாருங்கள் என்று இருந்தது. மீதி முழுக்க அம்மாவைப் பற்றி. கொழுந்து பறிப்பவள், வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. வீட்டில் பால் மறக்காத பிள்ளை இருக்கிறது. கண்டியில் சொந்தம் யாரும் இல்லை, தமிழ் மட்டும்தான் பேசுவாள். திகதி கொடுத்துத் திருப்பி அனுப்பினால் இவளால் மறுபடி வர முடியாது, ஆகவே இன்றைக்கே வார்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில், என்ன முடிவானாலும் எனக்கு எழுதுங்கள், ஊசியையும் மாத்திரையையும் இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடித்திருந்தார்.

ஐயா சிங்களவர், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். வரிசையில் அத்தனை பேர் நின்ற நாளில் அம்மாவிடம் இவ்வளவையும் விசாரித்திருக்கிறார். தன் கையை மீறிய நோயாளியை மேலிடத்துக்கு அனுப்புவது பெரிய காரியம் இல்லை. அனுப்பிய பிறகும் அந்த ஆள் தன் நோயாளிதான் என்று நினைத்தார் பாருங்கள், அதற்கு எந்த நன்றியும் போதாது. இன்று நோயாளியை மாற்றி எழுதும் இளம் டாக்டர்மார் யாராவது இதைப் படித்தால், நோயின் பெயருக்குக் கீழே அந்த ஆளைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டு வரிக்காகத்தான் கண்டியில் அம்மாவை அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

தேயிலைப் பெட்டி ஏற்றிப்போன லொறியில் அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து, வளைவுக்கு வளைவு மெதுவாக ஓட்டி ஹட்டன் ஸ்டேஷனில் இறக்கிவிட்ட டிரைவர் மாமாவுக்கு நன்றி. ரயிலுக்குக் காசு கொடுத்த, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவுக்கு நன்றி. தம்பியைத் தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்து வளர்த்த பக்கத்துக் காம்பிராச் சின்னம்மாவுக்கு என்ன சொல்வது? 1973, 74இன் பஞ்சத்தில் இளைத்த உடம்பு தேறாத நேரம் அது. தனக்கே போதாத பாலில் பங்கு கொடுத்தார். தம்பி அவரைக் கடைசி வரை அம்மா என்றுதான் கூப்பிட்டான்.

கண்டி வார்ட்டில் ஒரு சிங்கள அட்டெண்டன் அம்மா இருந்தார். கம்பளைப் பக்கம் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவர், எங்கள் தமிழ் அப்படியே வரும். டாக்டர் சொன்னதை அம்மாவுக்கும், அம்மா சொன்னதை டாக்டருக்கும் சலிக்காமல் சொன்னவர் அவர்தான். நெஞ்சை வெட்டப் போகிறார்கள் என்று அம்மா பயந்து வீட்டுக்கு ஓடப் பார்த்த இரவில், வேலை முடிந்தும் போகாமல் பக்கத்தில் இருந்தாராம்.

ஆபரேஷன் கொழும்பு பெரியாஸ்பத்திரியில். இதயத்தை நிறுத்தாமல், அது துடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே விரலையும் கருவியையும் விட்டு, ஒட்டிய வால்வைப் பிரித்துவிடுவார்கள். 1948இல்தான் உலகத்தில் இந்தச் சிகிச்சை மறுபடி சூடுபிடித்தது. எங்கள் மலையகத் தமிழ் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்ததும் அதே 1948இல். 1976இலும் அம்மாவுக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை. அந்த மேசையில் யாரும் அதைக் கேட்கவில்லை, ஒரு சதமும் கேட்கவில்லை. இரத்தம் வேண்டும் என்றபோது, செட்டியார் தெருவிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் நின்ற எங்கள் தோட்டத்துப் பையன்கள் முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓடி வந்தார்கள். அண்ணன்மாரே, உங்கள் இரத்தம் அம்மா உடம்பில் ஓடியது.

டிக்கட் வெட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் ஐயா விடவில்லை. இனி மலை ஏறக் கூடாது என்று தோட்டத்துக்கு எழுதி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பிராவில் வேலை வாங்கிக் கொடுத்தார். மாதா மாதம் பென்சிலின் ஊசி, 12 இலட்சம் யூனிட். பால் மாதிரிக் கெட்டியான மருந்து, ஏற்றும்போது உயிர் போகும் வலி. அதை நிறுத்தினால் காய்ச்சல் திரும்பி வந்து வால்வை மறுபடி கெடுத்துவிடலாம். டிஸ்பென்சர் ஐயா கலண்டரில் அம்மாவின் நாளைச் சிவப்பில் குறித்து வைத்திருப்பார். 1983 ஜூலைக் கலவரத்தில் யாரும் லயத்தை விட்டு வெளியே போகப் பயந்த நேரத்தில், சிரிஞ்சியை அவித்து எடுத்துக்கொண்டு இருட்டில் அவரே எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார்.

பின்னாளில் வால்வு மறுபடி இறுகியபோது காலில் குழாய் விட்டுப் பலூனால் திறந்தார்கள். அந்த டாக்டர்மாருக்கும் நர்ஸ் மிஸ்மாருக்கும் நன்றி.

வருகிற தைப்பூசத்தன்று எங்கள் தோட்டத்துக் கோயிலில் அம்மா பேரில் சாப்பாடு கொடுக்கிறோம். டாக்டர் ஐயாவின் மகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். லொறி டிரைவர் மாமாவின் குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது என்று கேள்வி. அந்த அட்டெண்டன் அம்மாவின் பிள்ளைகளையும் தேடிக்கொண்டிருக்கிறோம். யாருக்காவது தெரிந்தால் அவர்களிடம் இதைச் சேர்த்துவிடுங்கள். எல்லோரும் குடும்பத்தோடு வந்து எங்கள் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
நன்றியுடன் மூத்த மகளும் தம்பி தங்கைகளும்