இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. தேர்வுகள் குறித்த நாள்களில் நடந்து முடிந்தன. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி, நூலக வாரம் ஆகிய அனைத்திலும் மாணவர்கள் ஆர்வத்தோடு கலந்துகொண்டு பரிசுகளும் பாராட்டுகளும் பெற்றனர். மதிப்பெண் அட்டைகள் வகுப்பாசிரியர்கள் வழியாக உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். இவற்றுக்கெல்லாம் துணை நின்ற உங்கள் அனைவருக்கும் நன்றி.

இந்தக் கடிதத்தில் நான் சற்று விரிவாகப் பேச விரும்புவது, பருவத்தின் கடைசி நாளன்று வகுப்புகளில் நடந்த கொண்டாட்டங்களையும் அங்கே பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட குளிர்பானங்களையும் பற்றித்தான். அன்று நடந்ததைப் பற்றிப் பல விதமாகப் பேசப்படுவதால், நடந்ததை நடந்தபடியே முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்ட இரு குடும்பங்களின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்புக் கொண்டாட்டத்துக்கு ஒரு தாய் எல்லாப் பிள்ளைகளுக்குமாக ஸ்ட்ராபெர்ரி சுவையுள்ள இளஞ்சிவப்புக் குளிர்பானம் கொண்டுவந்திருந்தார். அந்த வகுப்பில் படிக்கும் ஒரு மாணவியின் வீட்டில் வீகன் முறையை, அதாவது நனிசைவத்தை, பின்பற்றுகிறார்கள். பால், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் அவர்கள் உட்கொள்வதில்லை. தம்ளரை வாங்குவதற்கு முன் அந்தச் சிறுமி வகுப்பாசிரியையிடம் கேட்டிருக்கிறாள். ஆசிரியையும் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துப் பால் இல்லை, தேன் இல்லை, ஜெலட்டின் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே குடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். கொண்டாட்டம் முடிந்து, காலிப் பாட்டில்களைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போடும் வேலை அந்தச் சிறுமியுடையதாக இருந்தது. அப்போதுதான் பாட்டிலின் ஒட்டுச்சீட்டில், இரு முனைகளும் சேரும் மடிப்போரத்தில், கடுகைவிடச் சிறிய எழுத்தில் ‘நிறமூட்டி 120’ என்று இருந்ததை அவள் பார்த்தாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராக என் அறைக்கு வந்து மேசைமேல் வைத்தாள். அவள் அழவில்லை. “மிஸ் குடிக்கலாம்னு சொன்னாங்க” என்று மட்டும் சொன்னாள். அந்த எண்ணைப் படிக்க எனக்குக் கண்ணாடியும் போதவில்லை. கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கித்தான் பார்க்க முடிந்தது.

120 என்பது கார்மைன். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் காச்சினீல் என்ற சிறு பூச்சியின் பெண்ணினத்தைச் சேகரித்து, உலர்த்தி, நொறுக்கி எடுக்கும் சிவப்புச் சாயம் அது. ஒரு கிலோ உலர்ந்த பூச்சி சேர வேண்டுமானால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள் வேண்டும். வெயிலாலும் வெப்பத்தாலும் எளிதில் வெளிறாது என்பதாலும், ‘இயற்கை நிறம்’ என்று சொல்லிக்கொள்ள முடியும் என்பதாலும் பானத் தயாரிப்பாளர்கள் இதை விரும்புகிறார்கள். இயற்கை என்ற சொல்லைப் பார்த்ததும் நாம் பழத்தையோ பூவையோ நினைத்துக்கொள்கிறோம். பூச்சியும் இயற்கைதான் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. வகுப்பாசிரியை தேடியது பாலையும் தேனையும். அவர் அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. ஓர் எண்ணுக்குள் ஒரு பூச்சி இருக்கும் என்பதை அவருக்கோ எனக்கோ யாரும் சொல்லித்தந்ததில்லை. பானங்களைப் பட்டியலில் பார்த்து அனுமதித்தவன் நான் என்பதால், பொறுப்பும் என்னுடையதே.

இது நம்பிக்கை சார்ந்த விஷயம் மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கார்மைன் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அரிதாக உயிருக்கே ஆபத்தான அளவுக்கும் போகும். இந்தக் காரணத்தால்தான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ‘நிறம் சேர்க்கப்பட்டது’ என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடாமல் கார்மைன், காச்சினீல் என்ற பெயர்களையே அச்சிட வேண்டும் என 2009இல் விதி வகுத்தது. அது 2011 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மாற்றுவழி இல்லாமலும் இல்லை. 2012இல் வாடிக்கையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு ஸ்டார்பக்ஸ் நிறுவனம் தன் ஸ்ட்ராபெர்ரி பானங்களில் காச்சினீலை விட்டுவிட்டுத் தக்காளியிலிருந்து எடுக்கும் லைகோபீன் என்ற சிவப்பு நிறப்பொருளுக்கு மாறியது.

அந்த நாளுக்குப் பிறகு, நானும் எங்கள் அறிவியல் ஆசிரியரும் பானங்களின் உட்பொருள்களைப் பற்றித் தேடிப் படித்தோம். படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, ஒட்டுச்சீட்டில் இருப்பதைவிட அதில் இல்லாததுதான். கலங்கிய பழச்சாற்றைத் தெளிய வைக்கச் சில தயாரிப்பாளர்கள் ஜெலட்டினைப் பயன்படுத்துகிறார்கள். விலங்குகளின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுப்பது அது. சாற்றில் மிதக்கும் துகள்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு அடியில் படிந்துவிடுவதாலும், பிறகு வடித்து எடுத்துவிடுவதாலும், அது உட்பொருளாகக் கருதப்படாமல் பதப்படுத்த உதவிய பொருளாகவே கருதப்படுகிறது. ஆகவே பல இடங்களில் அதை அச்சிட வேண்டிய கட்டாயமில்லை. ஆரஞ்சு, மாம்பழ நிறப் பானங்களில் சேர்க்கும் பீட்டா கரோட்டின் என்ற நிறமூட்டி தாவரப் பொருளாகவே இருக்கலாம், ஆனால் அது நீரில் கரையாது என்பதால் அதைச் சுமந்து செல்லச் சில சமயம் ஜெலட்டினை, அதிலும் மீன் ஜெலட்டினை, பயன்படுத்துகிறார்கள். ‘வைட்டமின் டி சேர்க்கப்பட்டது’ என்று பெருமையாகப் போட்டிருக்கும் பழச்சாற்றில் இருப்பது டி3 என்றால், அது பெரும்பாலும் ஆட்டுக் கம்பளியின் கொழுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. கல்பாசி போன்ற லைக்கன் இனங்களிலிருந்தும் டி3 எடுக்க முடியும், ஆனால் எது என்பதைச் சீட்டு சொல்வதில்லை. கரும்புச் சர்க்கரையை வெளுக்கச் சில ஆலைகள் மாட்டெலும்புக் கரி வழியாக வடிக்கின்றன. எலும்பு சர்க்கரையில் தங்குவதில்லை என்பதால் அதை ஏற்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. அது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. சைவ முத்திரை உள்ள பானமெல்லாம் வீகன் பிள்ளைகளுக்கு ஏற்றதாகிவிடாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பாலும் தேனும் கம்பளிக் கொழுப்பும் சைவ முத்திரைக்குத் தடையல்ல.

அதே சமயம், தேவையில்லாத அச்சமும் பரவியிருக்கிறது. ஊக்கபானங்களில், அதாவது எனர்ஜி டிரிங்க்குகளில், உள்ள டாரின் என்ற பொருள் காளையின் உடலிலிருந்து எடுக்கப்படுகிறது என்று பெற்றோர் குழு ஒன்றில் பகிரப்பட்டதாக அறிந்தேன். 1827இல் அது முதன்முதலில் மாட்டுப் பித்தநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் அந்தப் பெயர் வந்ததே தவிர (லத்தீனில் ‘டாரஸ்’ என்றால் காளை), இன்று பானங்களில் சேர்ப்பது ஆலையில் வேதிமுறையில் தயாராவது. 122 என்ற எண்ணுள்ள கார்மாய்சின் என்ற செயற்கைச் சிவப்பு நிறத்தைப் பெயர் ஒற்றுமையால் கார்மைன் என்று நினைத்துவிடுகிறார்கள். அதில் பூச்சி இல்லை. ஆனால் அதில் வேறொரு கேள்வி இருக்கிறது. 2007இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, 102, 104, 110, 122, 124, 129 ஆகிய ஆறு செயற்கை நிறங்கள் சேர்ந்த உணவில் ‘பிள்ளைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கையை 2010 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியது. ஆக, 120ஐத் தவிர்த்துவிட்டு 129 உள்ள சிவப்புப் பானத்தை எடுத்தால் பூச்சி போய்விடும், பிரச்சினை முழுதாகப் போய்விடாது.

வீகன் முறையைப் பின்பற்றும் பெற்றோரிடம் நான் மனம்விட்டுப் பேச விரும்புவதும் இதைப் பற்றித்தான். கோலா வகைப் பானங்களில் பெரும்பாலும் விலங்குப் பொருள் இல்லை என்பதால் அதையே பாதுகாப்பான தேர்வாகக் கருதிச் சிலர் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். உங்கள் கொள்கைக்கு அது பொருந்தலாம், ஆனால் பிள்ளையின் உடலுக்கு அது பொருந்தாது. 330 மில்லி கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதாவது 9 தேக்கரண்டி. இரண்டு முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்குமே சேர்க்கப்பட்ட சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க இதயக் கழகத்தின் பரிந்துரை. சர்க்கரை இல்லாத வகையை வாங்கினாலும் அமிலம் அப்படியேதான் இருக்கிறது, அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 5.5க்குக் கீழே போனால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும், கோலாவின் அளவோ 2.5ஐ ஒட்டியது. இவையெல்லாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை. வீகன் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. அவர்களுக்கு வேண்டிய கால்சியமும் வைட்டமின் பி12ம் தானாக வந்துவிடுவதில்லை. செறிவூட்டப்பட்ட தாவரப் பால் போன்றவற்றின் வழியாக நீங்கள் திட்டமிட்டுக் கொடுத்தால்தான் வரும். அந்த இடத்தைக் குளிர்பானம் பிடித்துக்கொள்ளும்போது, வயிறு நிறைகிறது, வேண்டியது போய்ச் சேர்வதில்லை.

இப்போது சற்றுக் கண்டிப்போடு சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சிறுமியின் பெற்றோரைப் பள்ளி வாயிலில் நிறுத்தி, “ஒரு சொட்டு நிறத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பானம் கொண்டுவந்த தாயை, வேண்டுமென்றே செய்தீர்களா என்று வேறு சிலர் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் நடந்திருக்கக் கூடாது. இன்னொரு வகுப்பில், வேண்டாம் என்று சொன்ன ஒரு பையனிடம், “ஒரு வாய் குடித்தால் ஒன்றும் ஆகாது, அம்மாவிடம் சொல்லாதே” என்று பெரியவர் ஒருவர் வற்புறுத்தியிருக்கிறார். இந்தப் பள்ளியின் வளாகத்துக்குள் எந்தப் பிள்ளையையும், அது வேண்டாம் என்று மறுத்த ஒன்றைக் குடிக்க வைக்கும் உரிமை எனக்கும் இல்லை, ஆசிரியர்களுக்கும் இல்லை, உங்களில் யாருக்கும் இல்லை. காரணம் கொள்கையா, மதமா, ஒவ்வாமையா என்று அந்தப் பிள்ளை விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை. இது மீண்டும் நடந்தால், சம்பந்தப்பட்டவர் வகுப்பு நிகழ்ச்சிகளுக்கு அழைக்கப்பட மாட்டார்.

தண்ணீர்க் குடுவையில் ஊக்கபானத்தை ஊற்றிக் கொடுத்தனுப்புவதும் இந்தப் பருவத்தில் மூன்று முறை எங்கள் கவனத்துக்கு வந்தது. பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபீன் என்ற அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வரையறுத்தது. 250 மில்லி ஊக்கபானத்தில் சுமார் 80 மில்லிகிராம் இருக்கிறது. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அந்த ஒரு டப்பாவே வரம்பைத் தாண்டிவிடும். அடுத்த பருவம் முதல் ஊக்கபானம் எந்த வடிவில் வந்தாலும் அலுவலகத்தில் வாங்கி வைக்கப்பட்டு, மாலையில் பெற்றோரிடம் மட்டுமே திருப்பித் தரப்படும்.

கொண்டாட்டங்களைப் பொறுத்தவரை, ஆசிரியர்களோடு பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். மூன்றாம் பருவம் முதல் வகுப்பு நிகழ்ச்சிகளில் தண்ணீரும் நறுக்கிய பழமும் மட்டும் கொடுக்கப்படும். பாட்டிலிலோ டப்பாவிலோ அடைத்த பானம் எதையும் வாங்கி வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எண்களின் பட்டியலை ஆசிரியர்களிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லலாமே என்று சிலர் யோசனை சொன்னீர்கள். யோசித்துப் பார்த்தோம். சீட்டில் அச்சிடாததைச் சரிபார்க்க எந்தப் பட்டியலும் உதவாது. ‘குடிக்கலாம்’ என்று ஒரு பிள்ளையிடம் எங்கள் ஆசிரியர் சொன்னால் அந்தச் சொல் நிற்க வேண்டும். அதனால்தான் இந்த எளிய வழியைத் தேர்ந்தோம். சிறப்பு நாளில் பிள்ளைகளின் ஆசையைக் கெடுப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். அந்த வருத்தத்தை நான் புரிந்துகொள்கிறேன். வீட்டில் என்ன கொடுப்பது என்பதில் பள்ளி தலையிடாது.

இத்துடன் இணைத்துள்ள படிவத்தில், உங்கள் பிள்ளை தவிர்க்க வேண்டிய உணவுப் பொருள்களை எழுதி, பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை.

நிறைவாக என் நன்றி. பானம் கொண்டுவந்த அந்தத் தாய், விஷயம் தெரிந்த மறுநாளே பள்ளிக்கு வந்து அந்தச் சிறுமியின் தாயோடு அமர்ந்து பேசினார்; இருவரும் சேர்ந்துதான் மேலே சொன்ன படிவத்தின் முதல் வரைவை எழுதித் தந்தார்கள். தன்மேல் தவறில்லாதபோதும் அந்தப் பிள்ளையிடம் நேரில் வருத்தம் தெரிவித்த வகுப்பாசிரியைக்கும், ஆண்டு முழுவதும் எங்கள் மீது நம்பிக்கை வைத்துப் பிள்ளைகளை அனுப்பும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. விடுமுறை நல்லபடியாக அமையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
தலைமையாசிரியர்