குளிர்மாத இட்லி மாவு: நைரோபி குடும்பங்களுக்கு

வணக்கம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே இரவில் 10–12 டிகிரிதான். சமையல் மேடையில் வைத்த மாவு காலையில் அப்படியே கல்லாட்டம் கிடக்கும்.

நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒன்றேகால் பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். குழாய்த் தண்ணீரின் குளோரின் புளிப்பை மந்தமாக்கலாம்; கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறியதில் அரையுங்கள். உப்புப் போட்டுக் கையாலேயே கலக்கி, விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் 14 மணி நேரம் விடுங்கள். அடியில் தட்டு வையுங்கள், பொங்கி வழியும். கரண்ட் போனால் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, பக்கத்தில் வெந்நீர் பாட்டில்.

ம்வேயா பிஷோரி என்ற உள்ளூர் வாசனை அரிசி சோற்றுக்கு அருமை, மாவுக்கு வேண்டாம்.

கடல் மட்டத்துக்கு மேலே நைரோபி இருக்கும் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் இட்லி 10 நிமிடத்தில் நடுவில் வேகாது. 14 நிமிடம் விடுங்கள்.