கெல்வினின் கையில் இருப்பதையும் காட்டுங்கள்

லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்துக்கும், கிளாஸ்கோவிலும் பெல்ஃபாஸ்ட்டிலும் கெல்வின் பிரபுவின் ஓவியங்களையும் புகைப்படங்களையும் பாதுகாத்துவரும் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் தூத்துக்குடிக்காரன். டெக் கேடட்டாகச் சரக்குக் கப்பலில் ஏறி, சீஃப் ஆபீசராக ஓய்வு பெற்றவன். ஓவியம் பற்றிப் பேச எனக்குப் படிப்பு கிடையாது. ஆனாலும் உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

1902இல் கிளாஸ்கோவின் அன்னான் ஸ்டூடியோ எடுத்த புகைப்படத்தை நீங்கள் நன்றாக அறிவீர்கள். எண்பதை நெருங்கிய கெல்வின், கப்பல் திசைகாட்டியைத் தாங்கும் பினாக்கிள் என்ற தூணின் மேல் சாய்ந்து நிற்கிறார். கையில் ஒரு சின்னக் கருவி. நான் முதலில் பார்த்தது இந்த முழுப் படத்தை அல்ல. புத்தகங்களிலும் இணையத்திலும் வெள்ளைத் தாடியையும் நெற்றியையும் மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருப்பார்கள், கீழே 'கெல்வின், இயற்பியலாளர்' என்று இருக்கும். பல வருடம் கழித்து முழுப் படத்தைப் பார்த்த அன்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் கையில் இருந்தது அசிமுத் மிரர், திசைகாட்டியின் மேல் வைத்துச் சூரியன் இருக்கும் திசையை அளக்கும் கருவி! கேடட்டாக இருந்தபோது என் கேப்டன் என்னைத் தினமும் கப்பலின் உச்சித் தளமான மங்கி ஐலண்டுக்கு ஏற்றி, அந்த ஜாதிக் கருவி ஒன்றை வைத்துத்தான் அஸ்தமனச் சூரியனின் திசையை அளக்க வைத்தார். அட்டவணையில் இருக்கும் திசைக்கும் திசைகாட்டி சொல்லும் திசைக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று குறித்துவைக்க வேண்டும். ஒருநாள் தவறினாலும் திட்டு விழும். ஒரு இரவு வங்கக் கடலில் கைரோ, அதாவது காந்தம் இல்லாமல் மின்சாரத்தில் சுழன்று திசை காட்டும் கருவி, நின்றுபோனது. விடியும்வரை காந்தத் திசைகாட்டியையும் அந்தக் குறிப்பையும் நம்பித்தான் கப்பலை ஓட்டினோம்.

கப்பலில் வேலை செய்யாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரும்புக் கப்பல் என்பதே ஒரு பெரிய காந்தம். அதன் நடுவில் வைத்த காந்த ஊசி வடக்கைச் சரியாகக் காட்டாது. மரக்கலம் போய் இரும்புக் கப்பல் வந்த காலத்தில் இது உயிர்ப் பிரச்சினை. கெல்வின் ஒரு பத்திரிகைக்குத் திசைகாட்டி பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தார். முதல் பகுதி 1874இல் வந்தது. எழுதும்போதுதான் தனக்கு இதில் போதுமான அளவு தெரியவில்லை என்று அவருக்குப் புரிந்தது. அடுத்த பகுதி வர ஐந்து வருடம் ஆனது. அதற்குள் புதிய திசைகாட்டியையே செய்து 1876இல் காப்புரிமை வாங்கிவிட்டார். எட்டுச் சிறிய ஊசிகளைப் பட்டு நூலில் கட்டித் தொங்கவிட்ட, திசைகள் குறித்த மிக லேசான அட்டை. ஊசிகள் சிறியதாக இருந்ததால், கப்பலின் காந்தத்தைச் சரிக்கட்டப் பக்கத்தில் வைக்கும் இரும்புக் குண்டுகளும் சமாளிக்கக்கூடிய அளவில் இருந்தாலே போதும். அந்த அட்டை இன்று புழக்கத்தில் இல்லை, இப்போது இருப்பது திரவத் திசைகாட்டி. ஆனால் பினாக்கிளின் இரண்டு பக்கமும் இருக்கும் அந்தக் குண்டுகளை நாங்கள் இன்றைக்கும் 'கெல்வின் ஸ்பியர்ஸ்' என்றுதான் சொல்கிறோம்.

அந்தப் படத்தில் திசைகாட்டியை வெட்டினால், மனிதரில் பாதியை வெட்டியதாக ஆகிவிடுகிறது. 22 வயதில் பேராசிரியர் ஆகி, அதே கிளாஸ்கோவில் 53 வருடம் பாடம் நடத்தியவர் அவர்தான். அப்புறம் லாலா ரூக் என்ற தன் பாய்மரக் கப்பலில் பிஸ்கே விரிகுடாவுக்குப் போய், பியானோ கம்பியைக் கடலில் இறக்கி 2,700 பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்தை அளந்தவரும் அவர்தான். அது 1872இல். 1859இல் எடுத்த இன்னொரு படம் இருக்கிறது. அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட தந்திக் கேபிள் சில வாரங்களிலேயே செத்துப்போனதற்கு அடுத்த வருடம், கேபிள் பொறியாளர் ஃப்ளீமிங் ஜென்கின் எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கேட்டால், வேலையில் மூழ்கிய கெல்வின் அதில்தான் இருக்கிறார்.

சிலைகளையும் ராயல் சொசைட்டிக்காக ஆர்ச்சர்ட்சன் 1899இல் வரைந்த ஓவியத்தையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் கெல்வின்குரோவ் பூங்காவிலும் பெல்ஃபாஸ்ட் தாவரவியல் பூங்காவிலும் 1913இல் வைத்தவை மறைந்த ஒரு பிரபுவின் சிலைகள். வில்லியம் தாம்சன் என்ற அவருக்குக் கெல்வின் என்ற பட்டமே 1892இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1886-87இல், அவரை வரைந்தவர் அவருடைய அக்கா எலிசபெத் கிங். அந்த ஓவியம் லண்டன் தொகுப்பில் இருக்கிறது. அம்மா இறந்தபோது வில்லியமுக்கு ஆறு வயது, எலிசபெத் ஆறு வயது மூத்தவர். தம்பியைக் கைப்பிடித்து வளர்த்த ஒருத்தி, அவருக்கு அறுபது தாண்டிய பிறகு உட்காரவைத்து வரைந்திருக்கிறாள். அந்த முகத்தை வேறு எந்த ஓவியருக்கும் அவ்வளவு தெரிந்திருக்க முடியாது.

நான் கேட்பது இதுதான். அன்னான் படத்தைப் பிரசுரத்துக்குக் கொடுக்கும்போது திசைகாட்டியோடு, வெட்டாமல் கொடுங்கள். கூடவே அந்தக் கருவியின் பெயரையும், அது எதற்கு என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள். கிளாஸ்கோவில் அவருடைய கருவிகளைச் செய்துதந்த ஜேம்ஸ் வைட்டின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். எலிசபெத்தின் ஓவியத்துக்கு அடியில் ஓவியர் பெயரோடு 'அக்கா' என்ற ஒரு சொல்லும் இருக்கட்டும். முடிந்தால் ஒரு முறையாவது அக்கா வரைந்ததையும் அன்னான் எடுத்ததையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி, முன்னால் ஒரு பினாக்கிளை வையுங்கள். பிள்ளைகள் அந்தக் குண்டுகளைத் தொட்டுப் பார்க்கட்டும்.

இந்தக் குறிப்புகள் தமிழிலும் வேண்டுமென்றால் சொல்லுங்கள். கப்பல்காரர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு கப்பல் அதிகாரி,
தூத்துக்குடி